பட்டாணிக்குப் பதினோரு மணிப் பால்

பட்டாணிக்கு வயது ஐம்பத்து மூன்று. ரத்தக் கொதிப்புக்குக் காலையில் ஒரு மாத்திரை, முட்டிவலிக்குப் படுக்கும்போது ஒரு தைலம், வேலைக்குப் போகிற ஒரு மகள். முன்னந்தலை முடி விடைபெற்றுக்கொண்டு பல வருஷம் ஆகிறது. இத்தனை இருந்தும், திரைக்கலைஞர் பேரவையைப் பொறுத்தவரை அவர் ஒரு குழந்தை. இந்தச் செய்தி அவருக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரியவந்தது.

ஒரு காலத்தில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. கண்ணும் கன்னமும் உருண்டையாக இருந்ததால் சினிமாக்காரர்கள் வைத்த பெயர்தான் பட்டாணி. அழுகை அவருடைய தனிச்சிறப்பு. அதிலும் அந்தப் பால் காட்சி. பசித்த பிள்ளை ஒன்று பெரிய வீட்டு வாசலில் நிற்கும். இரக்கப்பட்டு ஒருத்தி பால் டம்ளரை நீட்டுவாள். வாயருகே கொண்டுபோகும்போது வீட்டுக்காரர் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் அழும். கேமரா முகத்தை விட்டு நகராது. தியேட்டரில் முறுக்கிய மீசைகளெல்லாம் நனைந்தன. பேரவை அவருக்கு அந்த வருஷத்தின் சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தது. அதில் இப்போது அவர் மனைவி துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்.

அந்தப் படத்தின் இயக்குநர்தான் இன்றைய பேரவைத் தலைவர். எந்த மேடையில் ஏறினாலும் அந்த அழுகையின் ரகசியத்தை அவர் சொல்லாமல் இறங்குவதில்லை. "அந்தப் பிஞ்சுக் காதில் நான் ஒரு சின்னக் கதை சொன்னேன். அவ்வளவுதான். பொலபொலவென்று கண்ணீர்!" என்பார். கூட்டம் கைதட்டும். என்ன கதை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

குரல் உடைந்ததும் பட்டாணியைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வாய்ப்புக் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "வளர்ந்துட்டியேடா" என்று ஏதோ திருட்டுப் பண்ணிவிட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பள்ளிக்கூடமும் பாதியில் நின்றிருந்தது. தட்டுத்தடுமாறி ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலத்தைத் தள்ளிவிட்டார். தன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் தொழில் அது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டாம் என்றால் நிறுத்த முடிகிறதே என்று அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

அவரிடம் கார் கற்க வந்தவள்தான் அந்த இளம் இயக்குநர். ஒருநாள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, எதிரே நின்ற தண்ணீர் லாரியை நோக்கிப் பாய்ந்தாள். பட்டாணி கத்தவில்லை. தன் பிரேக்கை மிதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் லாரியைப் பார்க்காமல் அவரையே பார்த்தாள்.

"மாஸ்டர், இப்போ உங்க முகத்துல ஒண்ணு வந்துச்சே, அது மறுபடி வருமா?"

"நீங்க மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதிச்சீங்கன்னா தானா வரும்மா."

அவள் எடுக்கப்போகும் படத்தில் ஓர் அப்பா, ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் காத்திருக்கிறார். மகள் பிழைக்கவில்லை என்று நர்ஸ் வந்து சொல்கிறாள். அவர் அழுகிறார். ஒரே காட்சிதான், ஆனால் படமே அதன் மேல்தான் நிற்கிறது. அதற்கு இந்த முகம்தான் வேண்டும் என்றாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. பட்டாணிக்குத் தலைகால் புரியாமல் போனதற்குக் காரணமே அதுதான். பழைய கன்னத்தைத் தேடி வராமல், இப்போது இருக்கும் இந்தத் தொங்கிப்போன முகத்தைக் கேட்டு ஒருத்தி வந்திருக்கிறாள். அடுத்த வகுப்பில் ஒரு மாணவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பேரவை அட்டை இல்லாதவரைப் படப்பிடிப்பில் யாரும் சேர்க்க மாட்டார்கள். அதைப் புதுப்பிக்கப் பட்டாணி பேரவைக்குப் போனார். பளிங்குத் தரை, குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கத் தலைவரின் படங்கள். நடுவே ஒரு பெரிய பலகை. 'குழந்தையின் புகார் எதுவானாலும் அன்றே, அப்போதே, அனைவர் முன்னிலையில் விசாரிக்கப்படும்' என்று பொன்னெழுத்தில் எழுதி, கீழே தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண்.

"யாரும் இல்லையேம்மா."

"குழந்தைங்க தனியா வரக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டு, அவர் ஓடிப்போய்விடக் கூடாது என்பதுபோல் ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்துக்கொண்டு செயலாளரைக் கூப்பிட்டாள்.

செயலாளர் மிகவும் பண்பானவர். உட்காரச் சொன்னார். "நீங்க குழந்தைகள் பிரிவுல ஆயுள் உறுப்பினர்" என்றார்.

"அது நாலு வயசுல சேர்த்தது சார்."

"ஆமா. ஆயுள்னா ஆயுள்தானே?"

"சார், என் பிறந்த தேதியைப் பாருங்க."

"தேதியை வச்சு வயசு பார்க்கிறதெல்லாம் மத்த ஆபீஸ்ல. இங்க கலையை வச்சுத்தான் வயசு. நீங்க கடைசியா என்னவா நடிச்சீங்க? குழந்தையா. கலையுலகத்துல நீங்க இன்னும் அங்கேயேதான் நிக்கிறீங்க."

"சரி, பெரியவங்க பிரிவுக்கு மாத்திடுங்களேன்."

"தாராளமா! பெரியவரா ஒரு படத்துலயாவது நடிச்சிருக்கணும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"பெரியவரா நடிக்கணும்னா பெரியவங்க பிரிவுல இருக்கணும்."

பட்டாணி கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியில் தெரிந்த தன் வழுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் எப்படித்தான் சார் பெரியவனாகிறது?"

"எல்லாக் குழந்தைங்களும் கேக்கிற கேள்விதான் இது" என்றார் செயலாளர் பரிவோடு. "அவசரப்படக் கூடாது. இப்போதைக்குக் குழந்தையாவே நடிச்சிட்டு வாங்க. காப்பாளரைக் கூட்டிக்கிட்டு வந்தா போதும். அப்பா, அம்மா?"

"ரெண்டு பேரும் இல்லை சார். என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரட்டுமா?"

செயலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "குழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா? நீங்க சொன்னது என் காதுல விழலை. ரத்த உறவுல மேஜரானவங்க யாராவது?"

"மகள் இருக்கா."

"அது எப்படின்னு நான் கேக்க மாட்டேன். கூட்டிட்டு வாங்க."

வீட்டில் மனைவி கொதித்துப்போனார். "இத்தனை வருஷமா உங்களுக்குத் துவைச்சுப் போட்டு, சமைச்சுப் போட்டு, கடைசியில நான் குற்றமா?" ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகளோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு அந்த வேஷம் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சரி, நாளைக்கு லீவு போடறேன்" என்றாள். "குழந்தை குளிச்சு ரெடியா இருக்கட்டும்."

மறுநாள் அவர்களைக் குழந்தை நல அலுவலரிடம் அனுப்பினார்கள். பேரவையில் குழந்தைகளை உண்மையாகவே நேசித்தவர் இந்த அம்மாள் ஒருவர்தான். விதிகளை அவர் மனப்பாடமாகச் சொல்லுவார், ஒவ்வொன்றையும் நம்பவும் செய்தார். பட்டாணியைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்த்தார். போன முறை எடுத்த அளவோடு ஒப்பிட்டு, பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பூரித்துப்போனார்.

"பால் பல்லெல்லாம் விழுந்தாச்சா கண்ணா?"

"அதுக்கப்புறம் முளைச்சதே விழ ஆரம்பிச்சாச்சும்மா."

அவர் மகளிடம் திரும்பினார். "குழந்தை எப்போ தூங்கும்?"

"நியூஸ் பார்த்துக்கிட்டே தூங்கிடும்."

"அடம்பிடிக்குமா?"

"டிவி ரிமோட்டைக் கேட்டா மட்டும்."

"எதுக்காவது பயப்படுதா?"

"எங்கம்மான்னா கொஞ்சம் பயம்."

அப்பா கண்ணால் கெஞ்சினார். மகள் கண்டுகொள்ளவில்லை. "கையைக் கட்டிக்கிட்டு ஒழுங்கா உட்காருப்பா" என்றாள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வசனம்போல அதை அனுபவித்துச் சொன்னாள்.

அனுமதி கிடைத்தது. படப்பிடிப்பு ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில். நடைக்கூடத்தில் இரும்பு பெஞ்சுகளைப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். குழந்தை நல அலுவலர் ஒரு பிளாஸ்க், ஒரு பாய், ஒரு வாத்தியார் ஆகிய மூன்றோடு வந்து இறங்கினார். பட்டாணி மேக்கப் போட்டு, முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் மணி பதினொன்று அடித்தது.

"பால் நேரம்!"

விளக்குகள் அணைந்தன. மொத்தக் குழுவும் சுற்றி நின்று பார்க்க, பட்டாணி பால் குடித்தார். மீசையில் ஒட்டியதை அலுவலர் துடைத்துவிட்டார். பிறகு வாத்தியார் வந்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். பட்டாணி பாதியில் தடுமாறினார், அன்றைக்கும் அதே இடத்தில்தான் படிப்பு நின்றிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பாய். பொய்யாகக் கண்ணை மூடியவர் நிஜமாகவே தூங்கி, குறட்டை வேறு விட்டார். ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒருவழியாகக் காட்சிக்கு வந்தார்கள். "இதுல குழந்தைக்கு என்ன ஆகுது?" என்று கேட்டார் அலுவலர்.

"அவரோட மகள் செத்துட்டதா நர்ஸ் வந்து சொல்றாங்க. அவர் அழறார்" என்றாள் இயக்குநர்.

"அழறதா? எங்க விதிப்படி குழந்தையை அழவைக்கக் கூடாது. அதோட சாவுச் செய்தியைக் குழந்தைகிட்ட இப்படியா போட்டு உடைப்பாங்க? மகள் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லலாமே."

"மேடம், அவ திரும்பி வரவே மாட்டா. அதுதான் கதையே."

"சாக்லேட் வாங்கிட்டு வருவான்னு சொல்லுங்க. குழந்தை சிரிச்ச முகமா இருக்கும்."

இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாள். படப்பிடிப்பு நின்றது. தயாரிப்பாளர் வந்து பட்டாணியின் தோளைத் தட்டி, பேரவையின் பொதுக்கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை, அதில் பேசிச் சரிசெய்துகொண்டு வந்தால் வேஷம் உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறோம் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மகளும் அப்பாவும் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வீடு திரும்பினார்கள். மகள் ஓட்டினாள். பாதி வழியில் பட்டாணி தானாகப் பேச ஆரம்பித்தார்.

"அழவைக்கக் கூடாதாம்ல. அன்னைக்கு இந்த அம்மா எங்க போயிருந்தாங்களோ."

"என்னைக்கு?"

"பால் சீன் அன்னைக்கு. காதுல கதையும் சொல்லலை, ஒண்ணும் சொல்லலை. கேமராவுல முகம் மட்டும்தானே தெரியும்? கீழ உட்கார்ந்துக்கிட்டு அவர் என் தொடையைக் கிள்ளினார். நான் அழுகையை நிறுத்தினா இன்னும் அழுத்திக் கிள்ளுவார். விடிய விடிய எடுத்தாங்க."

மகள் காரை ஓரம் கட்டினாள். "பாட்டி எங்க இருந்தாங்க?"

"கேமராவுக்குப் பின்னாடிதான் நின்னா. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா."

"அந்தப் பாலையாவது குடுத்தாங்களா?"

"பாலா? லைட்டுல நிஜப் பால் மங்கலா தெரியும்னு சுண்ணாம்புத் தண்ணி கலக்கி வச்சிருந்தாங்க." பட்டாணி சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. மகளுக்குக் கோபம் வந்தது. ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, அவங்கதானே உன்னைக் குழந்தைன்னு சொல்றாங்க? ஞாயித்துக்கிழமை குழந்தை மாதிரியே நடந்துக்கோ."

பொதுக்கூட்டத்தில் குழந்தைகள் பிரிவுக்கென்று முன்வரிசையில் குட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பரீட்சை நேரம் என்பதால் மற்ற உறுப்பினர்கள் யாரும் வரவில்லை. பட்டாணி மட்டும் முட்டி மோவாயை இடிக்க ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பெரிய நாற்காலியில் காப்பாளர்.

தலைவர் எழுந்தார். எழுபத்தைந்து வயதிலும் குரலுக்கு ஒரு குறையும் இல்லை. "திரைக் குழந்தைகளுக்காக இப்படியொரு சட்டத்தை உலகில் யார் இயற்றினார்?" என்று கேட்டார். அவரே இயற்றினார் என்று அவரே பதிலும் சொன்னார். "குழந்தையின் கண்ணில் ஒரு சொட்டு நீர் வந்தால் என் நெஞ்சில் ரத்தம் வடியும்! எங்கள் சட்டத்தில் குழந்தை குழந்தையாக இருக்கும்வரை புகாருக்குக் காலக்கெடு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும் அந்தக் கணமே இறங்க வேண்டும். ஏன்? குழந்தை பொய் சொல்லாது! இதோ, முன்வரிசையில் நம் பட்டாணி! அன்று இவன் காதில் நான் ஒரு சின்னக் கதை சொன்னேன்..."

பட்டாணி சுண்டுவிரலை உயர்த்தினார்.

"என்னடா கண்ணா, வெளியே போகணுமா?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

"இல்லை மாமா. ஒரு புகார்."

குழந்தை நல அலுவலர் துள்ளி எழுந்தார். பல வருஷமாக அவர் காத்திருந்த நாள் இது. ஒரு மைக்கை எடுத்துவந்து பட்டாணியின் வாய்க்கு நேராகப் பிடித்தார். "பயப்படாம சொல்லு கண்ணா. யார் உன்னை என்ன பண்ணாங்க?"

பட்டாணி கையை நீட்டினார். "அந்த மாமா என்னைக் கிள்ளினார்."

அலுவலர் கேட்டார். "எங்க கிள்ளினார்?"

"தொடையில. ராத்திரியெல்லாம். தூங்கவே விடலை. பால்னு சொல்லிச் சுண்ணாம்புத் தண்ணி குடுத்தார்."

"ஐயா" என்று அலுவலர் மேடையைப் பார்த்தார். குரல் நடுங்கினாலும் விதி நடுங்கவில்லை. "விசாரணை முடியிற வரைக்கும் நீங்க அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கணும்."

"என்ன உளறல் இது!" தலைவர் மேஜையில் குத்தினார். "அது நடந்து எத்தனை வருஷம் ஆச்சு!"

"காலக்கெடு இல்லைன்னு இப்பத்தான் சொன்னீங்க ஐயா. குழந்தை பொய் சொல்லாதுன்னும் சொன்னீங்க."

"குழந்தையா? இவனா?" தலைவருக்கு முகம் சிவந்துபோயிற்று. "கண்ணு தெரியலையா உங்களுக்கு? வழுக்கையைப் பாருங்க, தொப்பையைப் பாருங்க! ஐம்பதைத் தாண்டின ஆள்! இப்ப மட்டும் இல்லை, இவன் என்னைக்குமே குழந்தை கிடையாது! நாலு வயசுலயே பெரிய ஆம்பளை மாதிரி ராப்பகலா வேலை செஞ்சவன்! தூக்கம் கேக்க மாட்டான், சாப்பாடு கேக்க மாட்டான், கிள்ளினாத்தான் அழுவான்! என் செட்டுல ஒருநாள்கூட இவனைக் குழந்தையா இருக்க விட்டதில்லை நான்!"

சொன்ன பிறகுதான் தன் முன்னால் இருந்த மைக் திறந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது. மகள் எழுந்து நின்றாள்.

"தலைவர் சொல்றதை நாங்க ஏத்துக்கிறோம். எங்கப்பா குழந்தை இல்லைன்னு தீர்மானம் போட்டீங்கன்னா புகாரை வாபஸ் வாங்கிக்கிறோம்."

பேரவையின் சரித்திரத்தில் இவ்வளவு வேகமாக ஒரு தீர்மானம் நிறைவேறியதில்லை. செயலாளர் வாசித்தார்: பட்டாணி என்பவர் எக்காலத்திலும் குழந்தையாக இருந்ததில்லை எனத் தலைவர் தம் நேரடி அனுபவத்திலிருந்து உறுதிசெய்ததை ஏற்று, பேரவை அவரை இன்றுமுதல் பெரியவராக அறிவிக்கிறது. கைதட்டல் வானைப் பிளந்தது. எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியவர் தலைவர்தான். குழந்தை நல அலுவலர் மட்டும் தட்டவில்லை. தன் ஒரே குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

பேரவை எதையும் அரைகுறையாகச் செய்யாது. மறுநாள் காலையிலேயே இரண்டு ஊழியர்கள் பட்டாணியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். குழந்தையாக இருந்திராதவருக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரக் கோப்பை செல்லாதாம், திரும்ப வாங்கிவரச் சொன்னார்களாம். "கிளிப்பையாவது விட்டுட்டுப் போங்கப்பா" என்று மனைவி கோப்பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரமே படப்பிடிப்பு. அதே நடைக்கூடம், அதே இரும்பு பெஞ்சு. பிளாஸ்க் இல்லை, பாய் இல்லை. பெரியவர்களை அழவைக்க எந்தத் தடையும் இல்லை. இயக்குநர் அருகே வந்து, கண்ணில் மருந்து விடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் பட்டாணி. அவர் ஒருமுறை பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை. அங்கே யாரும் இல்லை.

நர்ஸ் வந்து சொன்னாள். பட்டாணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சட்டைப் பொத்தானை ஒருதடவை சரிசெய்தார். பிறகுதான் அழுதார். கேமராவுக்குப் பின்னால் நின்ற மகளுக்குப் பார்க்கவே முடியவில்லை. இருந்தும் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, கடைசிவரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகைக்கு நடுவே ஒருமுறை அவர் நிமிர்ந்தபோது அது அவருக்குத் தெரிந்தது.

"கட்" என்று இயக்குநர் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. இன்னொரு தடவை எடுக்க வேண்டியதில்லை என்றாள்.

தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்த சமையல்காரர், "சாருக்கு டீயா, காபியா?" என்று கேட்டார். பட்டாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுதான் ஆகியிருந்தது.

"பால் இருக்கா?" என்றார்.